திட்டுனா மார்க் ஏறுது, பாராட்டுனா இறங்குது: இதுல எது காரணம், எது விளைவு?

11 நவம்பர், இரவு 10.20 – ஒரு வாசகரின் கேள்வி, காரைக்குடியிலிருந்து

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். கணக்குல 38 வாங்கிட்டு வந்தான், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான், அடுத்த டெஸ்ட்ல 61. சரின்னு பாராட்டி புரோட்டா வாங்கிக் குடுத்தேன், அதுக்கடுத்து 47. மூணு வருஷமா இதே கதை. அடிக்கக் கூடாது, பாராட்டணும்னு சைக்காலஜிக்காரங்க சொல்றதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு ஒத்து வராது, என் வீடே சாட்சி. மறுக்கிறவங்க காரணத்தோட மறுக்கவும்.

12 நவம்பர், காலை 6.15

அண்ணே, நீங்க பார்த்தது பொய்யில்ல. அப்படித்தான் நடக்கும். ஆனா நீங்க வாயே திறக்காம இருந்திருந்தாலும் 38க்கு அப்புறம் பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும், 61க்கு அப்புறம் இறங்கித்தான் இருக்கும்.

நான் கோட்டையூர்ல 19 வருஷமா கணக்கு டியூஷன் எடுக்கிறேன், எங்க வீட்டு முகப்புலயே. அஞ்சு பங்காளி வீடு, மத்த நாலு பங்கும் சென்னை, மலேசியான்னு போயாச்சு, முகப்பு சும்மா கிடந்துச்சு. ஐயா காலத்துப் பேரேடு மாதிரி நீளமா ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு டெஸ்ட் மார்க்கையும் எழுதி வைப்பேன், பக்கத்துல 'தி' அல்லது 'பா'. தி-ன்னா திட்டு, பா-ன்னா பாராட்டு. தி-க்கு அடுத்த கட்டத்துல மார்க் ஏறியிருக்கும், பா-க்கு அடுத்த கட்டத்துல இறங்கியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து முதல் பத்து வருஷம் நானும் நீங்க சொல்றதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தெரியல.

ஒரு மார்க்குக்குள்ள ரெண்டு சரக்கு இருக்கு. ஒண்ணு, பையனுக்குத் தெரிஞ்சது. இன்னொண்ணு, அன்னைக்கி வாய்ச்சது: எந்தக் கணக்கு வந்துச்சு, ராத்திரி தூங்குனானா, முன்னாடி உக்காந்தவன் பேப்பரைச் சாய்ச்சு வச்சானா, திருத்துறப்ப எனக்குக் காப்பி வந்துருச்சா. 38 வாங்குன அன்னைக்கி அந்த ரெண்டாவது சரக்கு ரொம்ப மட்டமா அமைஞ்சிருக்கும். அடுத்த தடவையும் அவ்வளவு மட்டமா அமையணும்னு என்ன இருக்கு? வழக்கமா நிக்கிற இடத்துக்குத் திரும்பி வருவான், நடுவுல நீங்க கம்பை எடுத்தீங்க, பேரு கம்புக்குப் போயிருச்சு.

காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான். என்ன ஒண்ணு, இந்தக் காக்கா பழம் விழப்போற நேரமாப் பார்த்து உக்காருது. மார்க் படு மோசமா இருக்கிற அன்னைக்கி மட்டும்தானே திட்டுறோம்.

12 நவம்பர், காலை 6.40

மேல சொல்ல விட்டுப்போச்சு, இது என் கண்டுபிடிப்பு இல்ல. டேனியல் கானமன்னு சைக்காலஜிக்காரர், 2002-ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குனவரு. 1960கள்ல இஸ்ரேல் விமானப்படையில பைலட்டுகளுக்குச் சொல்லிக் குடுக்கிறவங்களுக்கு அவர் வகுப்பு எடுக்கிறப்ப, தண்டனையை விட பாராட்டுதான் வேலை செய்யும்னு சொன்னதும் ஒரு ஆள் எந்திரிச்சு, அதெல்லாம் புறாவுக்குச் சரி, நான் பாராட்டுனவன் அடுத்த தடவை சொதப்புறான், சத்தம் போட்டவன்தான் ஒழுங்காப் பறக்கிறான்னு சொல்லியிருக்காரு. அச்சு அசல் நம்ம காரைக்குடி அண்ணன்.

14 நவம்பர், இரவு 9.05

பள்ளத்தூர்க்காரர் ஒருத்தர் 'இஸ்ரேல் கதையெல்லாம் வேண்டாம், கண்ணு முன்னால காட்டு'ன்னு கேட்டிருந்தாரு. காட்டியாச்சு.

கானமன் அந்த வகுப்புல ஒரு வேலை செஞ்சாரு. ஆளுக்கு ரெண்டு காசைக் குடுத்து, முதுகுக்குப் பின்னால இருக்கிற ஒரு குறியைப் பார்த்து, பார்க்காமயேன்னு சொல்லணும், ரெண்டு தடவை எறியச் சொன்னாரு. நான் காசுக்குப் பதிலா புளியங்கொட்டை. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுத்தியிருக்கிற தாழ்வாரத்துல ஆத்தங்குடி டைல்ஸ், அதுல நடுவுல ஒரு டைல்ஸ் மேல சாக்பீஸால வட்டம். கொட்டை எத்தனை டைல்ஸ் தள்ளி விழுந்துச்சோ அதுதான் மார்க், தள்ளத் தள்ள மோசம். 16 பிள்ளைகள். முதல் எறி முடிஞ்சதும், நல்லா எறிஞ்ச அஞ்சு பேரை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தேன், மோசமா எறிஞ்ச அஞ்சு பேரை வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுனேன் (நடிப்புதான், பிள்ளைகளுக்கும் தெரியும், ஒருத்தன் சிரிச்சு சிரிச்சு விக்கல் எடுத்துட்டான்). ரெண்டாவது எறி: புகழ்ந்த அஞ்சுல நாலு பேர் தூரப் போட்டாங்க. திட்டுன அஞ்சு பேரும் முன்னைக்கு இப்பக் கிட்டப் போட்டாங்க.

முதுகுக்குப் பின்னால எறியறதுல திறமை என்ன, முயற்சி என்ன. இருந்தும் திட்டு ஜெயிச்சிருச்சு பாருங்க.

இதுல எனக்கே தூக்கிவாரிப்போட்டது வேற. ஏழு டைல்ஸ் தள்ளிப் போட்டு, அப்புறம் ரெண்டு டைல்ஸ்ல போட்ட ஒரு பொண்ணுகிட்ட 'எப்படித்தா கிட்டப் போட்ட'ன்னு கேட்டேன். 'சார் திட்டுனதும் ரோஷம் வந்துருச்சு, அதான் கவனமாப் போட்டேன்'னு சொல்லுது. பொய் சொல்லல அது, மனசாரச் சொல்லுது. நம்மளுக்குள்ள ஒரு காரணம் பிறக்க எவ்வளவு நேரம் ஆகுது, ஒரு நொடி கூட இல்ல.

15 நவம்பர், மதியம்

திருத்தம்: 16 இல்ல, 17 பிள்ளைகள். விக்கல் எடுத்தவனை எண்ண மறந்துட்டேன்.

16 நவம்பர், காலை

'அதிர்ஷ்டம் கூடிக் குறையுதுன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கணுமே, மனசுதான் மார்க்கை நடுவுக்கு இழுக்குதோ'ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நோட்டைத் தலைகீழாத் திருப்பிப் பார்த்தேன். இந்த டெஸ்ட்ல உச்சத்துல நிக்கிற பசங்களை எடுத்துக்கிட்டு, அவங்க *போன* டெஸ்ட்ல என்ன வாங்குனாங்கன்னு பாருங்க. அங்கயும் குறைவாத்தான் இருக்கும். இன்னைக்கி குடுக்கிற பாராட்டு போன வாரத்து மார்க்கைக் குறைச்சிருக்க முடியுமா?

இதை முதல்ல எண்ணிப் பார்த்தவர் ஃபிரான்சிஸ் கால்டன். 1886-ல 205 தம்பதிகளோட உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் உயரத்தையும் வச்சு, ரொம்ப உயரமானவங்க பிள்ளைகள் சராசரியா அவங்களை விடக் கட்டை, ரொம்பக் கட்டையானவங்க பிள்ளைகள் அவங்களை விட உயரம்னு காட்டுனாரு. பிள்ளைகள் பக்கமிருந்து எண்ணுனாலும் அதே கதைதான், ரொம்ப உயரமான பிள்ளைகளோட பெத்தவங்க அவங்களை விடக் கட்டை.

17 நவம்பர், இரவு 11

படுத்தா தூக்கம் வரல. இத்தனை சொன்னேனே, திட்டு வேலை செய்யலன்னு நான் நிரூபிச்சுட்டேனா? இல்ல. திட்டு வேலை செய்யுதுங்கிறதுக்கு நோட்டு சாட்சியில்லன்னுதான் ஆச்சு. அது வேற, இது வேற. திட்டு கொஞ்சம் வேலை செஞ்சு, மிச்சம் தானா ஏறியிருக்கலாம். பிரிச்சுப் பார்க்கணும்னா ஒரே மாதிரி மோசமா வாங்குன பசங்கள்ல சிலரைத் திட்டணும், சிலரை விடணும், யாரைன்னு நான் முடிவு பண்ணக் கூடாது. நான் முடிவு பண்ணுனா எவன் முழிக்கிறானோ அவனைத்தான் திட்டுவேன்.

பூவா தலையா போட வேண்டியதுதான். வர்ற சனிக்கிழமை டெஸ்ட்லருந்து, 40க்குக் கீழ வாங்குற ஒவ்வொருத்தருக்கும் ஒரு தடவை காசு சுண்டுவேன். தலை விழுந்தா திட்டு, பூ விழுந்தா பேப்பரைக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அடி எந்தப் பக்கம் விழுந்தாலும் கிடையாது.

வீட்டுல சொன்னேன். 'பிள்ளைகளைத் திட்டுறதுக்குக் காசு சுண்டுற ஒரே ஆளு நீங்கதான்'னாங்க.

23 நவம்பர்

அந்தப் புளியங்கொட்டைப் பொண்ணோட ரோஷம் இன்னும் மனசுல நிக்குது. 1977-ல நிஸ்பெட், வில்சன்னு ரெண்டு பேர் எழுதுன கட்டுரையில ஒரு சோதனை வரும். ஒரே மாதிரி நாலு ஜோடி நைலான் காலுறையை வரிசையா வச்சு எது தரம்னு கேட்டாங்க. வலது ஓரத்துல இருந்ததை எடுத்தவங்க, இடது ஓரத்துல இருந்ததை எடுத்தவங்களைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஏன்னு கேட்டா நெசவு, மென்மைன்னு ஆளுக்கொரு காரணம், இருந்த இடம்தான் காரணம்னு ஒருத்தர் கூடச் சொல்லல. நாலும் ஒரே சரக்கு.

நேத்து காரைக்குடியில கண்டாங்கிச் சேலை எடுக்கப் போனோம். கடைக்காரர் பதினஞ்சு சேலை விரிச்சாரு. கடைசியா விரிச்சதை எடுத்தாச்சு. 'கட்டம் நல்லா எடுப்பா இருக்கு, கரையும் அகலம்'னாங்க. நான் காலுறைக் கதையை ஆரம்பிச்சேன், முடிக்க விடல. பில் போடுற இடத்துல எனக்கு ஒரு சட்டை எடுத்தேன், வலது பக்கம் தொங்குனது, ஏன்னு கேட்டா நீல நிறம் எனக்குப் பிடிக்கும்.

30 நவம்பர்

ஒரு வாசகி தனிச் செய்தியில, அப்ப உள்ளுணர்வையே நம்பக் கூடாதான்னு கேட்டிருந்தாங்க. உடம்பு சில சமயம் நம்மளை விட நல்லாக் கணக்குப் போடும், சில சமயம் கோட்டை விடும். ரெண்டும் சேர்ந்த கதை ஒண்ணு.

எனக்கு ஒன்பது வயசுல தேவகோட்டையில ஒரு கல்யாணம். வெள்ளைப் பணியாரம் பதினோரு எண்ணம் சாப்பிட்டேன், பந்தயம். ராத்திரி முழுக்க வாந்தி. இன்னைக்கி வரைக்கும் வெள்ளைப் பணியாரம் எண்ணெயில வெள்ளை வெளேர்னு பொங்கி வர்றதைப் பார்த்தாலே எனக்கு நாக்கு அடியில எச்சில் ஊறி ஒரு மாதிரி ஆகும். செட்டிநாட்டுல பிறந்துட்டு இது ஒரு பொழப்பா. நாலு நாள் கழிச்சு கண்ணு மஞ்சளாச்சு, மஞ்சக்காமாலை, பணியாரத்து மேல ஒரு பாவமும் இல்ல. எனக்கு அது நாப்பது வருஷமாத் தெரியும். நாக்குக்குத் தெரியல.

கார்சியா, கோலிங்னு ரெண்டு பேர் 1966-ல எலிகளுக்கு ருசி, வெளிச்சம், சத்தம் மூணும் சேர்ந்த தண்ணி குடுத்தாங்க. வயித்தைக் கெடுத்த எலிகள் அப்புறம் ருசியை ஒதுக்குச்சு, வெளிச்சத்தையும் சத்தத்தையும் கண்டுக்கல. ஷாக் குடுத்த எலிகள் வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஒதுக்குச்சு, ருசியை விட்டுருச்சு. வயித்துக் கோளாறுன்னா சாப்பாட்டைச் சந்தேகப்படு, தோலுல வலின்னா வெளியில உள்ளதைச் சந்தேகப்படுன்னு முன்கூட்டியே எழுதி வச்ச மாதிரி. கல்யாணத்துல கொட்டு மேளம் இருந்துச்சு, பன்னீர் இருந்துச்சு, நான் இன்னும் மேளத்துக்கு வாந்தி எடுக்கல.

7 டிசம்பர், இரவு 12.30

இதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசனை.

தங்கச்சி மகனுக்கு நாலு வயசு. பேச்சு வரல, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், முகப்புல வரிசையா நிக்கிற தூணுகளை விரலால தடவிக்கிட்டே கோடிக்குப் போவான், திரும்பி வருவான், ஒரு மணி நேரம் கூட. ஆட்டிசம்னு சொன்னாங்க. பெரியவங்க எல்லாரும் ஒரே மூச்சுல காரணம் சொன்னாக. போனைக் குடுத்தே கெடுத்துட்டா. வச்சுக் கொஞ்சவே மாட்டா. நானும் சொன்னேன், 'நீ அவன்கிட்ட இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்'னு. காரணம்-விளைவுன்னு இங்க பக்கம் பக்கமா எழுதுற நானு.

அவ ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னா: 'முதல் வருஷம் பூரா பேசிக்கிட்டேதான் இருந்தேன் அண்ணே. அவன் பார்க்கல. ஒருத்தர் பார்க்காம இருந்தா எவ்வளவு நாளைக்கிப் பேசுவ? அப்புறம் தானா குறைஞ்சு போச்சு.'

அம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. நாங்க அவ பேசாததால அவன் இப்படின்னு போட்டோம். அவன் திரும்பாததால அவ பேச்சு நின்னு போச்சு. போனும் அப்படித்தான், வேற எதுக்கும் அடங்காத பிள்ளைக்கிட்டதான் போன் போய்ச் சேருது.

இந்தத் தப்பைப் பண்ணது எங்க வீடு மட்டுமில்ல. 1943-ல லியோ கேனர்னு ஒரு மனநல டாக்டர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பத்தி எழுதுறப்ப, இது பிறவியிலயே வர்றதுன்னுதான் முடிச்சாரு, ஆனா அதே கட்டுரையில அந்தப் பெத்தவங்கள்ல பாசமானவங்க ரொம்பக் கம்மின்னும் எழுதி வச்சாரு. அப்புறம் வந்தவங்க அதைப் பிடிச்சுக்கிட்டு, ஈரமில்லாத தாயாலதான் பிள்ளை இப்படி ஆச்சுன்னு ஆக்கிட்டாங்க, புருனோ பெட்டல்ஹைம் 1967-ல கூட அதையே ஒரு முழுப் புத்தகமா எழுதுனாரு. எத்தனை தாய்மார் அதைச் சுமந்தாங்களோ. 1977-ல ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 21 இரட்டைப் பிள்ளை ஜோடிகளைப் பார்த்தாங்க. ஒரே கருவுல பிரிஞ்ச 11 ஜோடியில நாலு ஜோடிக்கு ரெண்டு பிள்ளைக்கும் ஆட்டிசம், தனித்தனிக் கருவுல வந்த 10 ஜோடியில ஒண்ணுக்கும் இல்ல. எந்த வகை ஜோடின்னாலும் ரெண்டு பிள்ளையையும் வளர்த்தது ஒரே வீடு, ஒரே தாய்தானே.

அதுக்காக பிள்ளைகிட்டப் பேசிப் பிரயோஜனமில்லன்னு யாரும் எடுத்துக்காதீங்க, பயிற்சி குடுக்கிற இடத்துக்குப் போய்ட்டு வர்றதுல அவனுக்கு மாற்றம் இருக்கு. எதால வந்துச்சுங்கிறது ஒரு கேள்வி, எதால சரியாகும்ங்கிறது இன்னொண்ணு. தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். 'விடுண்ணே'ன்னுட்டா.

8 டிசம்பர்

காரைக்குடி அண்ணே, நேத்து எழுதுனது உங்க கேள்விக்கும் பொருந்துது. அடி வாங்குற பிள்ளைகள் முரடா இருக்குன்னு ஆராய்ச்சியில வந்தா, அடியால முரடான்னு உடனே எழுதிருவாங்க. முரட்டுப் பிள்ளைங்கிறதாலதான் அடி விழுதோன்னு 1968-ல ரிச்சர்ட் பெல் கேட்டு, பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் திருப்பிப் படிக்க வச்சாரு. ரெண்டும் மாத்தி மாத்தி நடக்கலாம். இது உங்களுக்குச் சாதகமா எழுதல, பாதகமாவும் எழுதல.

29 டிசம்பர்

எங்க நகரத்தார் வீடுகள்ல கும்பிடுற பிள்ளையார் நோன்பு முடிஞ்சு, வந்த சொந்தமெல்லாம் கிளம்பியாச்சு, வீடு வெறிச்சோடிக் கிடக்கு. இழை (மாவுல நூல்திரியை வச்சு ஏத்தி, எரியிறப்பவே வாயில போட்டுக்கிறது) எடுத்துக்கிறப்ப ஆயா ஞாபகம் வந்துச்சு. 'சின்னய்யா அந்த வருஷம் இழை எடுத்துக்கல, அந்த வருஷந்தான் பர்மாக் கடை போச்சு'ன்னு சொல்லுவாக. அடிச்சுச் சொல்லுவாக.

நாலு கட்டம் போடுங்க. இழை எடுக்கல, கடை போச்சு. இழை எடுக்கல, கடை போகல. இழை எடுத்தாக, கடை போச்சு. இழை எடுத்தாக, கடை போகல. ஆயா மனசுல ஒரு கட்டத்துக்குத்தான் விளக்கு எரிஞ்சுது. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப, இழை எடுத்தவங்க கடையும் சேர்ந்துதானே போச்சு, மூணாவது கட்டத்துல பாதி செட்டிநாடே நிக்குது. தர்க்க சாஸ்திரத்துல அன்வயம், வியதிரேகம்னு சொல்லுவாங்க, அது இருந்தா இது இருக்குதாங்கிறதோட அது இல்லாட்டி இது இல்லாம இருக்குதான்னும் பார்க்கணும்னு. எல்லாம் ரொம்ப நாளைக்கி முன்னாடியே சொல்லியாச்சு, கேக்கத்தான் ஆளில்ல.

நான் இழை எடுத்துக்கிட்டேன், கேக்குறவங்களுக்கு. கடைக்காக இல்ல. எரியிற திரியோட அந்த மாவு வாய்க்குள்ள போறப்ப ஒரு சூடு வரும் பாருங்க, அதுக்கு.

20 ஜனவரி

பூவா தலையா கணக்கு. தலை 23 தடவை, திட்டுனேன், அதுல 15 தடவை அடுத்த டெஸ்ட்ல ஏறுச்சு. பூ 20 தடவை, வாயைத் திறக்கல, அதுல 14 தடவை ஏறுச்சு.

இவ்வளவு சின்னக் கணக்குல ஒண்ணு ரெண்டு மாறுனா முடிவே மாறும், அதனால யாரும் இதைத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. எனக்கு இது போதும். பழைய நோட்டுல தி-க்குப் பக்கத்துல நான் பெருமையாப் பார்த்த ஏத்தம், திட்டாதவங்களுக்கும் அப்படியே இருக்கு.

மார்க் நோட்டுல வராத ஒண்ணும் நடந்துச்சு. டிசம்பர்ல தலை விழுந்து திட்டு வாங்குன ஒரு பொண்ணு மறுநாள்லருந்து வரல. காசு சுண்டி ஒரு பிள்ளையை விரட்டிட்டேனேன்னு ரெண்டு ராத்திரி தூக்கமில்ல. அப்புறம் வீட்டுக்கே போனேன். அவங்க ஆத்தா, 'பஸ் டைம் மாத்திட்டாக சார், அதான், வேற ஒண்ணுமில்ல'ன்னாங்க, காப்பி குடுத்தாங்க. நிம்மதியா வெளிய வந்தேன். செருப்பை மாட்டுறப்பத்தான் தோணுச்சு, வாத்தியார் வாசல்ல வந்து நின்னா எந்தத் தாய்தான் மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொல்லும். பஸ் டைம் மாறுனது உண்மைதான், விசாரிச்சேன். இருந்தாலும்.

3 பிப்ரவரி

சோதனையை நிப்பாட்டியாச்சு. காரணம் பசங்க.

பேப்பர் குடுக்கிறப்ப சில நாள் திட்டுறேன், சில நாள் சும்மா இருக்கேன், ரெண்டுக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லன்னு பசங்க கவனிச்சிருக்காங்க. காசு சுண்டுறது அவங்களுக்குத் தெரியாது, உள்ள பட்டாலையில வச்சுச் சுண்டுவேன். சும்மா இருப்பாங்களா, ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிச்சுட்டாங்க. சார் நீலச் சட்டை போட்டா திட்டுவாரு (வலது பக்கம் தொங்குன அதே சட்டை). காப்பி வந்ததுக்கு அப்புறம் பேப்பர் வாங்குனாத் திட்ட மாட்டாரு. ஒருத்தன் மட்டும் பேப்பர் வாங்க வர்றதுக்கு முன்னாடி வாசல் பக்கத்துத் தேக்குத் தூணை ரெண்டு தடவை தொடுறான். கேட்டா 'சும்மா சார்'ங்கிறான். பக்கத்துல உக்காந்தவன் போட்டுக் குடுத்தான், ஒரு தடவை தூண்ல கை வச்சுட்டு வந்தானாம், அன்னைக்கித் திட்டு விழலயாம்.

1948-ல ஸ்கின்னர்னு ஒரு சைக்காலஜிக்காரர் எட்டுப் புறாவை வச்சு இதையேதான் பண்ணாரு. புறா என்ன செஞ்சாலும் செய்யாட்டியும் குறிச்ச நேரத்துக்குத் தீனி வரும். ஒரு புறா இடப்பக்கமாச் சுத்த ஆரம்பிச்சுச்சு, ஒண்ணு கூண்டு மூலைக்குத் தலையை நீட்டி நீட்டி எடுத்துச்சு, எட்டுல ஆறு இப்படி. தான் பண்றதாலதான் தீனி வருதுன்னு அதுகளுக்கு மூடநம்பிக்கை வந்த மாதிரின்னு ஸ்கின்னர் எழுதுனாரு. 1971-ல ஸ்டாடன், சிம்மல்ஹாக் ரெண்டு பேரும் திருப்பிச் செஞ்சு பார்த்துட்டு, தீனி வரப்போற நேரத்துல புறாக்கள் இயல்பாவே ஒரே மாதிரிதான் ஆட்டம் போடுது, தற்செயலா ஒட்டிக்கிட்ட பழக்கம்னு சொல்ல முடியாதுன்னாங்க. காரணத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிறதைப் பத்தி எழுதுனவருக்கே காரணம் தப்பிப்போச்சு போல.

நம்ம பசங்க எந்தக் கட்சின்னு தெரியல. பேப்பருக்கு முன்னாடி தலை சொறியறது எல்லாப் பிள்ளையும் பண்றது, அது ஸ்டாடன் கணக்கு. தூணைத் தொடுறதை ஸ்கின்னருக்குத்தான் குடுக்கணும்.

போன சனிக்கிழமை எல்லாரையும் உக்கார வச்சு, காசைக் காட்டி, நடந்ததைச் சொல்லிட்டேன். விக்கல் எடுத்தவன் திரும்ப விக்கல் எடுத்தான். புளியங்கொட்டைப் பொண்ணு, 'அப்ப எனக்கு மூணு தடவையும் தலையா சார் விழுந்துச்சு'ன்னு கேட்டுட்டு ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பேப்பர் குடுத்தேன். இனிமே யாரையும் திட்டப் போறதில்லன்னு சொல்லித்தான் குடுத்தேன். தூண் பையன் எந்திரிச்சு வந்தான், தொட்டுட்டு வந்தான். அவனுக்குப் பின்னால வந்த ரெண்டு பேரும் தொட்டாங்க.